நீங்கதானம்மா எழுதிக் கொடுத்தீங்க

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. அதன் முதலாளி கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், “நீங்கதானம்மா வேலை பாக்கலாம்னு எழுதிக் கொடுத்தீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவர் ஒரு கணக்கைச் சரிபார்க்கிற தொனியில் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை நாலாக மடித்து, கல்லாவுக்கு மேலே இருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்னமும் யாருக்காவது கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தால் அந்தக் குரல்தான் முதலில் வருகிறது. எழுதிப் பார்த்தாலாவது கொஞ்சம் தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தலையில் அடிபட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மறுவாழ்வு சிகிச்சை தருகிற ஓர் இடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “கரண்ட் வைப்பீங்களா?” என்பது. பிசியோதெரபி எல்லாருக்கும் தெரியும். கரண்ட் வைப்பார்கள், கை காலை நீட்டி மடக்குவார்கள். அடுத்த கேள்வி, “தொழில் சிகிச்சைன்னா வேலை வாங்கித் தருவீங்களா?” இல்லை என்று சொல்லிவிட்டு விளக்குவேன். பல் தேய்ப்பது, சட்டைக்குப் பித்தான் போடுவது, தட்டில் இடது பக்கம் இருக்கிற சோற்றையும் கவனித்துச் சாப்பிடுவது, கடையில் மீதிச் சில்லறை சரியா என்று பார்ப்பது, பஸ் மாறி வீடு வந்து சேர்வது என்று, ஒரு மனிதர் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை செய்கிற காரியங்களில் எது உடைந்திருக்கிறது, அதைத் திரும்ப எப்படிக் கட்டுவது என்று பார்ப்பேன். வேலை வாங்கித் தர மாட்டேன். ஆனால் வேலைக்குத் திரும்பலாமா கூடாதா என்று கேட்டால் ஒரு பதில் சொல்வேன். அந்தப் பதிலை நம்பிப் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

அவரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே கூப்பிடுகிறேன். எழுதலாமா என்று அவரிடமும் அக்காவிடமும், அதாவது அவர் மனைவியிடமும், கேட்டுவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

2022 ஆடி மாதம். பூ மார்க்கெட் டீக்கடைக்கு விடியற்காலை நாலு மணிக்குப் பாய்லர் சூடாகியிருக்க வேண்டும். அதனால் மூன்றரைக்கெல்லாம் டி.வி.எஸ். எக்ஸெல்லில் கிளம்பிவிடுவார். ரிங் ரோட்டில் நாய் குறுக்கே வந்தது. ஹெல்மெட் வண்டியில்தான் இருந்தது, கைப்பிடியில் மாட்டியபடி. யாரோ ஒரு பூ வியாபாரி பார்த்து 108-க்குப் போன் செய்திருக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது கிளாஸ்கோ அளவில் 9. கண் திறக்கிறாரா, பேச்சு எப்படி, சொன்னால் கை அசைகிறதா என்று பார்த்து 3-லிருந்து 15 வரை எண் போடுகிற அளவு அது. 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இரண்டு பேர் கொண்டுவந்தது, இன்று உலகம் முழுக்க அதுதான். 8-ம் அதற்குக் கீழேயும் என்றால் கடுமையான காயம். இவர் அந்தக் கோட்டுக்கு ஒரு படி மேலே. சி.டி.யில் மூளையின் முன்மடல் இரண்டு பக்கமும் கன்றியிருந்தது. பின்மண்டை தரையில் மோதினாலும் முன்பக்கம் அடிபடுவது சகஜம். மண்டையோட்டுக்குள்ளே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் தளம் கரடுமுரடானது, குலுங்கும் மூளை அதன்மேல் உரசிக் கன்றிவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. வார்டில் பத்து நாள் கத்தினார், குழாயைப் பிடுங்கினார், பெற்ற தாயைச் சொல்லக் கூடாத வார்த்தை சொன்னார். அது மூளை தெளிந்து வருகிற வழியில் வருகிற ஒரு கட்டம்தான், ஆளின் குணம் இல்லை என்று யாராவது அந்த அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். என்னிடம் வந்தபோதும் அந்த அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்: “மனசுல இருந்ததுதானம்மா வாயில வரும்?”

எங்களிடம் வந்தது ஏழாவது வாரம். நடை நன்றாக இருந்தது. கைப்பிடியில் நல்ல பலம். பேச்சு தெளிவு. வாரத்தில் மூன்று நாள் வருவார். மறதிக்கும் கவனத்துக்கும் பயிற்சி கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் எண்கள் ஏறிக்கொண்டே வந்தன.

அந்த டீ

எங்கள் சிகிச்சை அறையில் ஒரு சின்னச் சமையல் மேடை உண்டு. ஒற்றை அடுப்பு, சிங்க், இரண்டு அலமாரி. டீ போடச் சொல்லிப் பார்ப்பது எங்கள் தொழிலில் மிகப் பழைய சோதனை. பொருளை எடுத்து வைப்பது, வரிசை மாறாமல் செய்வது, சூட்டில் கவனமாக இருப்பது, முடிந்ததும் அடுப்பை அணைப்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மார்கழி மாதம் ஒருநாள் மாஸ்டரிடம் அரை லிட்டர் பால் பாக்கெட்டைக் கொடுத்து, “அண்ணே, நாலு பேருக்கு டீ போடுங்க” என்றேன்.

அவர் போட்ட டீயை நான் மறக்கவே முடியாது. பாத்திரத்தை எடுத்த விதம், தூளை அளக்காமல் அள்ளிய விதம், டிகாஷனை வடிகட்டியில் இறக்கிவிட்டு ஒரு டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி ஆற்றிய விதம், எல்லாவற்றிலும் இருபத்திரண்டு வருடம் இருந்தது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. எங்கள் பிசியோதெரபிஸ்ட், வரவேற்பில் இருக்கும் பெண், நான், அக்கா நாலு பேரும் குடித்தோம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் படிவத்தில், ‘துணையின்றி, பாதுகாப்பாகச் செய்கிறார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

முதலாளி ஐந்து மாதமாக வேறொரு மாஸ்டரைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டு இவருக்காகக் காத்திருந்தார். இது சாதாரண விஷயம் இல்லை. வீட்டில் அக்காவின் தோடுகூட அடகுக்குப் போயிருந்தது. தை பிறந்தால் முகூர்த்தம் வரும், பூ மார்க்கெட் விடிய விடிய விழித்திருக்கும், கடைக்கு ஆள் வேண்டும். வேலை பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வரச் சொன்னார் முதலாளி. மருத்துவர் என்னிடம் கேட்டார், நான் சரி என்றேன், என் மதிப்பீட்டைத் தனியாக ஐந்து வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நல்ல மனதோடுதான் கொடுத்தேன்.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாவது நாள் அக்கா போன் செய்தார். “மேடம், இவரு குடிச்சுட்டு வேலைக்கு வர்றாருன்னு சொல்றாங்க. சத்தியமா இவரு குடிக்கிறது இல்ல மேடம்.” கொஞ்சம் கொஞ்சமாக விவரம் வந்தது. சர்க்கரை வேண்டாம் என்றவருக்குச் சர்க்கரை போட்டிருக்கிறார். காபி கேட்டவருக்கு டீ போயிருக்கிறது. கேள்வி கேட்ட ஒரு லோடுமேனை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். இந்த மனிதர் இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கடையில் குரல் உயர்த்தியதில்லை. பால் நாலு தடவை அடிப்பிடித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. கடைசி நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, கேஸ் திறந்தபடியே இருந்திருக்கிறது, இவர் அதன் முன்னாலேயே நின்று பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா கத்தியதால் யாரோ ஓடி வந்து சிலிண்டரை மூடியிருக்கிறார்கள். காலை ஐந்து மணி, கடையைச் சுற்றி ஐம்பது பேர்.

ஐம்பது பேர் என்பதை நான் அன்று இரவு திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனேன். மாஸ்டரை இன்னும் கொஞ்ச நாள் வேறு சின்ன வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதாக நினைத்துத்தான் போனேன். அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னது அப்போதுதான். நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. “ஒரே ஒரு காலை, நான் பெஞ்சுல உக்காந்து பாக்கறேன், அவரு நிக்கட்டும், பக்கத்துல உங்க புது மாஸ்டரும் இருக்கட்டும்” என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார். “ஞாயித்துக்கிழமை வேணாம். செவ்வாக்கிழமை கூட்டம் கொஞ்சம் கம்மி, அன்னைக்கு வாங்க” என்றார். அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

பெஞ்சில் இரண்டு மணி நேரம்

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை நாலரை. பனி இன்னும் விடவில்லை. நிலக்கோட்டையிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த மல்லி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் இந்த ஊரில் இந்தத் தொழில் பார்த்தவள், ஒரு நோயாளியின் வேலை இடத்தில் அவருடைய வேலை நேரத்தில் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

“ரெண்டு டீ, ஒண்ணு சீனி கம்மி.” மாஸ்டர் தலையாட்டினார். கை போனது. அதற்குள், “மாஸ்டர், நாலு பார்சல், ரெண்டு லைட்டு.” அதற்குள் யாரோ கல்லாவில் ஆள் இல்லாததால் ஐந்நூறு ரூபாய் நோட்டை இவரிடம் நீட்டினார். அதற்குள், “வடை சூடா இருக்கா?” அதற்குள் பால்காரர் கேனை வைத்துவிட்டு, “எத்தனை லிட்டர்னு எழுதிக்கங்க” என்றார். அதற்குள் பழைய பழக்கக்காரர் ஒருவர், “மாஸ்டர்! எங்கிட்டுப் போயிருந்தீங்க இத்தனை நாளா? உடம்பு எப்படி?” என்று தோளில் தட்டினார். மாஸ்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிந்து அவர் பாய்லர் பக்கம் திரும்பியபோது முதல் இரண்டு டீயும் அவர் முகத்தில் இல்லை. கையில் டம்ளர் இருக்கிறது, எதற்காக எடுத்தோம் என்று தெரியவில்லை. ஒரு விநாடி. அப்புறம் கை பழக்கத்தில் ஒரு டீயை ஆற்றி, எதிரே நின்ற யாரோ ஒருவரிடம் கொடுத்தது. அந்த டீ அவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அது யாருடைய டீ என்பதுதான் தவறு. நான் நோட்டில் குறுக்கீடுகளைக் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன், முதல் இருபது நிமிடத்தில் ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

எனக்குப் புரிய ஆரம்பித்தது. டீ போடுவது அவர் வேலையின் சின்னப் பகுதி. ஏழெட்டு ஆர்டரைத் தலையில் வைத்திருப்பதும், நடுவில் யார் கூப்பிட்டாலும் போய்விட்டு விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதும், எரிச்சல் வந்தால் விழுங்குவதும், எதை முதலில் செய்வது என்று நொடிக்கு நொடி மாற்றி அடுக்குவதும்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. அதெல்லாம் முன்மடல் பார்க்கிற வேலை. டம்ளர் தூக்கி ஆற்றுவது மூளையில் வேறு இடத்தில், ஆழத்தில், வருடக்கணக்கில் படிந்து கிடக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபடாத இடத்தைப் பரிசோதித்துவிட்டு, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அறையில் கதவு சாத்தியிருந்தது. ஒரே ஒரு ஆர்டர். யாரும் பேசவில்லை, நான் ஓரத்தில் நின்று, “அவசரமில்ல அண்ணே” என்றேன். அவர் ஒரு விநாடி தயங்கியபோது, “டீத்தூள் மேல் ரேக்குல இருக்கு” என்று எடுத்துக் கொடுத்தேன். அவருடைய முன்மடல் செய்ய வேண்டிய வேலையை அந்த அரை மணி நேரம் நான்தான் செய்துகொண்டிருந்தேன். நான் இல்லாத இடத்தில் அவர் என்ன ஆவார் என்பதற்கு அந்தப் படிவத்தில் பதிலே இல்லை.

ஐந்தே முக்கால் இருக்கும். ஒரு வாசனை வந்தது. பால் அடிப்பிடிக்க ஆரம்பிக்கிற அந்த லேசான கருகல். எனக்கு எட்டடி தூரத்தில் பெஞ்சில் வருகிறது. பக்கத்தில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். புது மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் பொறுங்கள் என்று கை காட்டினேன். மாஸ்டர் அந்தப் பாத்திரத்துக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம் கூட்டம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. கவனம் சிதறியிருக்கிறது என்று சொல்ல எதுவுமே இல்லை. அவர் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எழுந்து போய் அடுப்பைச் சிறிதாக்கினேன். “அண்ணே, ஏதாவது வாசம் வருதா?”

அவர் மரியாதைக்கு மூக்கை உறிஞ்சினார். “என்ன வாசம் மேடம்?”

அப்போது தலையில் மல்லி மூட்டையோடு ஒருவர் எங்களை உரசிக்கொண்டு போனார். ஈரத் துணிக்குள் அன்று பறித்த பூ. அந்தக் கடையே ஒரு விநாடி அந்த வாசத்தில் நிறைந்தது. நான் மாஸ்டரின் முகத்தையே பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை.

“பூ வாசம், அண்ணே?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த துணியால் மேடையைத் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “ஆஸ்பத்திரியில இருந்தே இல்ல மேடம். மாத்திரையாலன்னு நினைச்சேன். மாத்திரை முடிஞ்சா வந்துரும்னு பாத்தேன். சாப்பாடு, டீ எல்லாம் வெந்நி குடிச்ச மாதிரிதான் இருக்கு. மார்க்கெட்டுக்கு வந்தா வேற ஏதோ ஊருக்கு வந்த மாதிரி இருக்கு.”

யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு இழைகள், மூக்கின் கூரையில் இருக்கும் சல்லடை போன்ற எலும்பின் ஓட்டைகள் வழியாக மேலே ஏறுகின்றன. மூளை வேகமாகக் குலுங்கினால் அந்த இழைகள் அங்கேயே அறுந்துவிடும். தலைக்காயத்தில், அதிலும் முன்மடல் காயத்தில், இது அபூர்வமில்லை. எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் முதல் நரம்பு இதுதான். பரிசோதிக்கும்போது பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். ஆறு மாதத்தில் ஒருவர்கூட அவர் மூக்குக்கு எதிரே ஒரு காபித்தூள் டப்பாவைத் திறந்து காட்டவில்லை. டிகாஷன் இறங்கியதா என்று வாசத்தை வைத்தே சொல்கிற மனிதர் அவர். பாலின் முதல் கருகலை மற்றவர்களுக்கு முன்னால் பிடிக்கிற மூக்கு. சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் மனிதர்களுக்குத் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை போய்ச் சேர முடியாத ஒருவரை நான் அடுப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன், ‘பாதுகாப்பாகச் செய்கிறார்’ என்று எழுதி.

நான் படித்தது

1991-இல் டிம் ஷாலிஸ், பால் பர்ஜெஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இங்கிலாந்தில் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூன்று பேருக்கும் முன்மடலில் காயம். மேசை முன்னால் உட்கார வைத்துச் செய்த அறிவுச் சோதனைகளில் நன்றாகவே செய்தார்கள். ஆனால் ஒரு கடைத்தெருவில் கொண்டுபோய் விட்டு, சில பொருள் வாங்குங்கள், சில விவரம் விசாரித்து வாருங்கள், இன்னின்ன விதியை மீறக் கூடாது என்றதும் தடுமாறிப் போனார்கள். அதற்கப்புறம் அந்தக் கடைத்தெருச் சோதனை எங்கள் தொழிலில் பெயர் பெற்றது. கல்லூரியில் இதைப் பற்றி நான் தேர்வில் எழுதியிருக்கிறேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் மேசையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் கடைத்தெரு இருக்கிறது. ஒரு நாளும் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம். அறைக்குள் செய்வதைத்தான் பில்லில் போட முடியும் என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மைதான், இரண்டும் போதாது.

இப்போது கூட்டிக்கொண்டு போகிறேன். யானைக்கல்லில் ஆரம்பித்து சிம்மக்கல் வரை. கையில் நூறு ரூபாய். கால் கிலோ கொய்யா, ஒரு முழம் பூ, ஒரு நீலப் பேனா வாங்க வேண்டும். மேலூர் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்க வேண்டும். ஒரு கடைக்குள் இரண்டு தடவை போகக் கூடாது. சரியாகப் பத்தரைக்கு என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பத்தடி பின்னால் நடப்பேன், உதவ மாட்டேன். அறைக்குள் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் பூக்கடையில் நின்று பேரம் பேசி, சிரித்து, பூவை வாங்காமலே நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர், அறைக்குள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பவர், பஸ்ஸை விசாரித்ததோடு கண்டக்டரிடம் மாட்டுத்தாவணி பஸ் எது என்றும் எனக்காகக் கேட்டு வந்தார்.

குணம்

அன்று டீக்கடையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனோம். அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மறப்பது, எரிச்சல், பாதியில் விடுவது எல்லாம் காயம் செய்கிற வேலை என்றேன். வாசனை போனதைச் சொன்னேன். அக்கா நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆறு மாதமாக அவர் வைத்த குழம்பை இந்த மனிதர் தள்ளி வைத்திருக்கிறார். “நல்லா இல்லையா”ன்னு கேட்டால், “ஒண்ணுமில்ல” என்று எழுந்து போயிருக்கிறார். அக்கா அதைத் திமிர் என்று நினைத்திருக்கிறார், பிழைத்து வந்ததில் வந்த திமிர். ஆத்தாவைப் பேசின பேச்சு, முதலாளி கடையில் கை ஓங்கினது, குழம்பைத் தள்ளினது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து வேறு ஒரு மனிதரை அவர் மனதுக்குள் உண்டாக்கி வைத்திருந்தார். “அப்ப இவரு மாறலையா மேடம்?” என்று கேட்டார்.

மாறவில்லை என்று சொல்லியிருந்தால் அக்கா அழுதிருப்பார், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மாறித்தான் இருக்கிறார். முன்னால் வாய்க்கு வந்ததைத் தொண்டையில் நிறுத்த முடிந்தவர், இப்போது நிறுத்த முடிவதில்லை. அது கொஞ்சம் சரியாகும், முழுக்கச் சரியாகும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. “மாறியிருக்காரு அக்கா. வேணும்னு மாறல” என்றேன். மாஸ்டர் வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கை கால் போனவருக்கு ஊர் பாதை விடும். கையும் காலும் நன்றாக இருந்து உள்ளே அடிபட்டவருக்குப் பெயர் வேறு: குடிகாரன், சோம்பேறி, கிறுக்கு. சட்டமும் இதில் பாதிதான் பார்க்கிறது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, தலைக்காயம் என்று தனியாக ஒரு வகை இல்லை. வேறு ஏதாவது ஒரு தலைப்பின் கீழே பொருத்திக் காட்ட வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரத்தை அரசு பார்த்துக்கொள்ளும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அது உயிர்களைக் காப்பாற்றுகிறது, நான் வேலை செய்யும் இடத்திலிருந்து பார்ப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன், காப்பாற்றுகிறது. காப்பாற்றப்பட்டு வீடு திரும்பியவர் அதற்கப்புறம் அவருடைய வீட்டின் பொறுப்பு. அந்த வீட்டுக்கு யாராவது போய், இவர் ஏன் குழம்பைத் தள்ளுகிறார் என்று சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை.

டம்ளர் ஞாபகம் வைத்துக்கொள்ளும்

பூ மார்க்கெட் கடைக்கு அவர் திரும்பவில்லை. முதலாளி முடியாது என்றார், நானும் கேட்கவில்லை. இப்போது புதூர்ப் பக்கம் அவர் மைத்துனரின் சின்னக் கடையில் மதியம் மூன்றிலிருந்து ஏழு வரை நிற்கிறார். முன்பு கிடைத்த கூலியில் பாதிதான். வாசனைக்குப் பயிற்சி கொடுத்தோம்: கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம், காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பது. ஒன்பது மாதம் விடாமல் செய்தார். கிராம்பு மட்டும் ஏதோ காரமாகத் தெரிகிறது என்கிறார். மல்லி வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். பால் பாக்கெட்டை வெட்டியதும் முகர்ந்து பார்ப்பது மைத்துனர் வேலை.

ஆர்டர் மறப்பதற்கு நான் டோக்கன் சொன்னேன், சிலேட்டு சொன்னேன். “டீக்கடையில சிலேட்டா மேடம்?” என்று கேட்டார். அவர் தானாகவே ஒன்று கண்டுபிடித்தார். ஆர்டர் காதில் விழுந்த அடுத்த நொடி, வேறு எதையும் தொடாமல், டம்ளரை மேடையில் வைத்துவிடுவார். சர்க்கரை உடனே அந்த டம்ளருக்குள் போய்விடும். சீனி கம்மி என்றால் டம்ளருக்குள் ஸ்பூன் நிற்கும். சீனி வேண்டாம் என்றால் டம்ளர் கவிழ்ந்திருக்கும். பார்சல் என்றால் பக்கத்தில் கவர். யார் கூப்பிட்டாலும் போகலாம், திரும்பி வந்து மேடையைப் பார்த்தால் போதும். வலமிருந்து இடமாக வரிசை. “நான் ஞாபகம் வைக்க வேணாம் மேடம், டம்ளர் வச்சுக்கும்” என்றார். இதை நான் கற்றுக்கொடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மேலூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் இன்னொருவருக்கு இதையே பைகளை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

பூ மார்க்கெட் பக்கம் போனால் முதலாளி கடையில் டீ குடிக்கிறேன். சாமி படத்துக்குப் பின்னால் அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத் தைரியம் இல்லை. அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வாரம் ஒத்தக்கடையிலிருந்து ஒரு குடும்பம் கடிதம் கேட்டு வந்திருக்கிறது. பையனுக்கு இருபத்தாறு வயது, கட்டட வேலையில் கலவை போடுகிறவன், மாடிப் படியிலிருந்து விழுந்து நாலு மாதம் ஆகிறது. எங்கள் அறையில் எல்லாச் சோதனையும் நன்றாகச் செய்துவிட்டான். அவன் அப்பா என் மேசையின் மேல் பேனாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிராம்பையும் காபித்தூளையும் முகர்ந்து சரியாகச் சொன்னான், அந்த மட்டும் நல்லது. கடிதம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியின் நம்பரை வாங்கிக்கொண்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு வேலை நடக்கிற இடத்துக்குப் போகிறேன். சாரத்தில் ஏறக் கூடாது, கீழேயே நிற்கட்டும் என்று பேசியிருக்கிறேன். ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல் அவன் எண்ணிப் போட வேண்டும். நாலாவது சட்டி போடும்போது யாராவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்க வேண்டும். அதை மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.